வங்காளத்துக்குக் கிடைக்காத கடை: நியாய விலைக் கடைப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விற்பனையாளர்களே, கட்டுநர்களே,

"ரேஷன் கடையெல்லாம் இன்னும் எதற்கு? அரிசிக்கான பணத்தைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் வரிசையும் இருக்காது, கடத்தலும் இருக்காது" என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்புகிறது. தொலைக்காட்சியில் பேசுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அந்த விவாதங்களில் உங்களில் ஒருவரைக்கூட உட்காரவைத்து நான் பார்த்ததில்லை. மாதம் முழுக்க மூட்டை பிரித்து, எடை போட்டு, பில் அடித்து, வசவும் வாங்கிக்கொள்கிறவர்களைக் கேட்காமலேயே உங்கள் கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு கட்டுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வேலை எந்த நெருக்கடியில் பிறந்தது, அந்த வேலையைச் செய்ய ஆளும் கடையும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை.

உங்கள் கடை போரில் பிறந்தது. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதுவரை ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அரிசியோடு நமக்குப் பழைய உறவு உண்டு. ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போன 1930களில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. மலபாரும், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும், இலங்கையும் அந்தக் கப்பல் அரிசியை நம்பியே உலை வைத்தன. ரங்கூன் விழுந்ததும் அது அப்படியே நின்றுபோனது.

வங்காளம் பர்மா அரிசியை அவ்வளவாக நம்பியிருக்கவில்லை. ஆனால் பர்மா அரிசி கிடைக்காத மற்ற பகுதிகளின் வியாபாரிகள் வங்காளத்துச் சந்தைக்கு வந்தார்கள். படைக்கும் வாங்கினார்கள். போர்ச் செலவுக்காக அச்சடித்த பணம் வேறு சந்தையில் புரண்டது. விலை ஏறத் தொடங்கியது.

விலை ஏறினால் அரசாங்கத்துக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இதற்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு போடுவது. அதற்குக் குடோன் வேண்டாம், லாரி வேண்டாம், உங்களைப் போன்ற ஆட்கள் வேண்டாம். ஒரு தாளும் கையெழுத்தும் போதும். 1941 டிசம்பரில் இந்திய அரசாங்கம் கோதுமைக்கு உச்ச விலை நிர்ணயித்தது. பஞ்சாபின் மண்டிகளில் கோதுமை வரத்து சுருங்கியது. தாக்குப்பிடிக்க முடியாமல் 1943 ஜனவரியில் அந்த உச்ச விலையை அரசாங்கமே எடுத்துவிட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனியும் இந்த வழியில் போய்ப் பார்த்திருந்தது. தானியத்துக்கு உச்ச விலை வைத்து, இறைச்சிக்கு வைக்காமல் விட்டார்கள். விவசாயிகள் தானியத்தைப் பன்றிக்குப் போட்டுப் பன்றியை விற்றார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அதில்தான் காசு இருந்தது.

வங்காள மாகாண அரசு 1942 ஜூலை 1 முதல் அரிசிக்கு உச்ச விலை வைத்தது. அன்றைக்குக் கல்கத்தாவில் நடந்தது உங்களுக்குப் புரியாத விஷயமில்லை. கடைக்காரரிடம் அரிசி இருந்தது, ஆனால் அந்த விலைக்கு இல்லை. கேட்டால் "ஸ்டாக் இல்லை". பின்வாசல் வழியாகக் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. கிராமத்து நிலக்கிழார் நெல்லைக் குதிரிலேயே வைத்துக்கொண்டார். நாளைக்கு விலை கூடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது இன்றைக்கு எவர் விற்பார்? அரசின் உத்தரவு வெறும் பலகையாகத் தொங்கியது. நெருக்கடி ஓரளவு தணிந்தது எப்போது தெரியுமா? அரசு தன் கையிலிருந்த அரிசியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து கட்டுப்பாட்டுக் கடைகளிலும் தொழிற்சாலைகள் வழியாகவும் கொடுத்தபோதுதான்.

அந்த அரிசி அரசின் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் கடல் வழியாக வந்து இறங்கினால் அவனுக்குச் சோறும் வாகனமும் கிடைக்கக் கூடாது என்று, 1942 கோடையில் மேதினிப்பூர், பாகர்கஞ்ச், குல்னா ஆகிய கடலோர மாவட்டங்களில் உபரி நெல்லையும் அரிசியையும் அரசு வாங்கி அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பிடுங்கியது. பலவற்றை எரித்தது, மூழ்கடித்தது. ஆறுகளும் கால்வாய்களுமே சாலையாக இருந்த நாட்டில் படகு போனால் எல்லாம் போயிற்று. மீனவர் கடலுக்குப் போக முடியவில்லை. குயவர் சட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஆற்றுத் தீவுகளில் நிலம் வைத்திருந்தவர் உழப் போக முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று மேதினிப்பூரைப் புயல் தாக்கியது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிச்சமிருந்த பயிரைப் பூஞ்சை நோய் தின்றது.

இத்தனைக்குப் பிறகும் வங்காள அரசு செய்யாத வேலை ஒன்று உண்டு. உபரி உள்ளவரிடமிருந்து நெல்லை முறையாக வாங்கி, இருப்பு வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று கிராமம் வரை கொடுக்கும் வேலை. நீங்கள் இன்று செய்கிற வேலை.

1943 மார்ச் 11 அன்று விலைக் கட்டுப்பாட்டை வங்காள அரசு கைவிட்டது. விலை இஷ்டத்துக்கு ஏறட்டும், பதுக்கிய அரிசி தானாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டார்கள். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 13, 14 ரூபாய். மார்ச் நடுவில் 21 ரூபாய். மே மாதம் 30 ரூபாய். ஆகஸ்டில் 37 ரூபாய். கிழக்கு வங்காள மாவட்டங்களில் இன்னும் அதிகம். பக்கத்து மாகாணங்களுக்கு இடையிலான தடையை மே மாதம் நீக்கிப் பார்த்தார்கள். பீகாரிலும் ஒரிசாவிலும் விலை கொதித்ததுதான் மிச்சம். ஜூன் மாதம் பதுக்கலைத் தேடிக் கிராமம் கிராமமாக ஆள் அனுப்பினார்கள். பெரிய வியாபாரிகளின் கிட்டங்கிகள் இருந்த கல்கத்தாவையும் ஹவுராவையும் மட்டும் அந்தத் தேடுதலிலிருந்து விலக்கிவைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏழையின் பானையைத் திறந்து பார்த்தவர்கள் வணிகரின் கதவைத் தட்டவில்லை. ஆகஸ்டு 28 முதல் திரும்பவும் உச்ச விலை: முதலில் 30 ரூபாய், செப்டம்பர் 10 முதல் 24, செப்டம்பர் 25 முதல் 20 என்று படிப்படியாக இறங்கும்படி உத்தரவு. நாளைக்கு விலை குறையும் என்று சட்டமே சொன்னாலும், விற்பதற்கு அரசிடம் அரிசி இல்லை என்பது வியாபாரிக்குத் தெரியும். சந்தையில் அரிசி மறுபடி காணாமல் போனது.

பதினாலு மாதங்களுக்குள் கட்டுப்பாடு, கைவிடல், மறுபடி கட்டுப்பாடு. இந்த வரலாற்றைக் காட்டி, "அரசு தலையிட்டதால்தான் பஞ்சம்" என்பவர்கள் உண்டு, "தலையிடாமல் விட்டதால்தான்" என்பவர்களும் உண்டு. என் முடிவு இது: கையில் தானியம் இல்லாமல் விலையைக் கட்டியதும் கொன்றது, கையில் தானியம் இல்லாமல் விலையை அவிழ்த்துவிட்டதும் கொன்றது. இரண்டு முறையும் கடை இல்லை.

கல்கத்தாவில் வேலை பார்த்தவர்களில் பலருக்கு மட்டும் ஒருவகைக் கடை இருந்தது. 1942 ஆகஸ்டிலேயே வங்காள வணிகர் சபை ஒரு திட்டம் போட்டது. போர் உற்பத்திக்கு இன்றியமையாதவர்கள் என்று கருதப்பட்ட ஆலைத் தொழிலாளர்கள், ரயில்வேக்காரர்கள், அரசு ஊழியர்கள் போன்றோருக்கு முன்னுரிமை, அவர்களுக்கு மலிவு விலையில் அரிசி. அவர்களுக்குக் கொடுத்தது தவறில்லை. அந்தப் பட்டியல் அங்கேயே நின்றதுதான் கொடுமை. விவசாயக் கூலி அதில் இல்லை, மீனவர் இல்லை, குயவர் இல்லை, முடிதிருத்துபவர் இல்லை. 1943 கோடையிலிருந்து அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கல்கத்தாவுக்கு நடந்தார்கள். வீட்டு வாசல்களில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. வடிகஞ்சி கேட்டார்கள், அடுப்படியில் கொட்டப்போகிற தண்ணீரை. நடைபாதைகளில் கிடந்தவர்களின் படங்களை 1943 ஆகஸ்டு 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், போர்க்காலத் தணிக்கையில் படங்களுக்கு இடைவெளி இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டார். லண்டன் போர் அமைச்சரவையோ, இந்திய அரசாங்கம் கேட்ட தானியத்தில் சிறு பகுதிக்கே கப்பல் தந்தது.

ஜான் உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு 1945இல் பதினைந்து லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர், நம் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் அய்க்ராய்டு. பதினைந்து லட்சம் என்பது குறைவான மதிப்பீடு, சாலையோரச் சாவுகள் சரியாகச் சேரவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இருபது முதல் முப்பது லட்சம் என்கிறார்கள்.

இப்போது அந்தப் பணப் பேச்சுக்கு வருகிறேன். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில், 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சமில்லாத 1941இல் இருந்ததைவிடக் குறைவில்லை என்று கணக்குக் காட்டினார். அன்றைய விளைச்சல் புள்ளிவிவரத்தையே நம்ப முடியாது, உண்மையிலேயே பற்றாக்குறை இருந்தது என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன: இறந்தவர்கள் பெரும்பாலும் சந்தையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவர்கள் கையில் பணம் இல்லாமல் இல்லை. கூலி வந்தது, மீன் விற்ற காசு வந்தது, முடிவெட்டிய காசு வந்தது. அந்தக் காசுக்கு முன்பு கிடைத்த அரிசியில் கால்வாசிகூடக் கிடைக்காத நாள் வந்தது. பஞ்ச காலத்தில் முடிவெட்டிக்கொள்வதை யாரும் தள்ளிப்போடலாம், சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியுமா? கணக்கில் மாதாமாதம் பணம் விழுந்தால் போதும் என்று சொல்கிறவர்கள், அரிசி விலை மூன்று மடங்காகும் மாதத்தில் அந்தத் தொகையும் மூன்று மடங்காகும் என்று எழுதித் தருவார்களா?

இதற்குக் கல்கத்தா வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் 2015 முதல் அரிசிக்குப் பதில் பணம் என்ற முறை வந்தது. கடைகள் மூடிக் கிடந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். பெண்கள் அரிசியே வேண்டும் என்று கேட்டார்கள். 2024இல் கடைகளை மறுபடி திறந்தார்கள். நம் நாட்டில் பெரிய போர் ஏதும் இல்லாத காலத்திலேயே இப்படி.

வங்காளத்தில் நடக்காதது மற்ற இடங்களில் எப்படி நடந்தது என்பதுதான் உங்கள் கடையின் பிறப்புச் சான்றிதழ். பம்பாய் நகரம் 1943 மே 2 அன்று முழுமையான பங்கீட்டைத் தொடங்கியது. தியோடர் கிரெகரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு அதே ஆண்டு ஒரு திட்டம் தந்தது: லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் எல்லாம் ரேஷன் வை, தானியத்தை அரசே கொள்முதல் செய், மத்தியில் ஐந்து லட்சம் டன் கையிருப்பு வை, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய். அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னையிலும் ரேஷன் வந்தது. லட்சக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1944 ஜனவரி 31 அன்று கல்கத்தாவுக்கும் வந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் இன்னும் ஒருபடி மேலே போயின. பர்மா அரிசி நின்றதில் மிகக் கடுமையாக அடிபட்டவை இந்த இரண்டும்தான். இருந்தும், நகரத்தோடு நில்லாமல் கிராமங்கள் வரை பங்கீட்டைக் கொண்டுபோனார்கள். நாஞ்சில் நாடு அன்றைக்குத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அங்கே விளைந்த நெல்லும் கொள்முதல் கணக்கில் ஏறியது. வீட்டு உபயோகத்துக்கும் விதைக்கும் போக மீதத்தை அரசுக்கு அளக்க வேண்டும். அந்த நெல்தான், நெல் வயல்களே இல்லாத கடற்கரைச் சிற்றூர்களுக்கு அட்டைக்கு இவ்வளவு என்று போனது. நான் இதைப் பொற்காலமாகச் சொல்லவில்லை. கொடுத்த அளவு சொற்பம். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்று ஒப்பேற்றினார்கள். ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கம் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் பசியாலும் நோயாலும் செத்தார்கள். ஆனால் உள்ளூரில் விளைந்த அரிசி தேவையில் பாதிக்கும் குறைவாக இருந்த திருவிதாங்கூர், அரிசி நாடான வங்காளம் அழிந்ததுபோல் அழியவில்லை. வித்தியாசம் வயலில் இல்லை என்றால் வேறெங்கே இருக்க முடியும்?

இலங்கைத் தமிழர்களுக்கு இது 'கூப்பன்' கதை. 1942இல் அங்கே அரிசிப் பங்கீடு வந்தது. சங்கக்கடையில் கூப்பன் கொடுத்து அரிசி வாங்கும் வழக்கம் போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகஸ்டு 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

விவசாயியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கட்டுப்பாட்டின் சுமை அவர் தலையில்தான் முதலில் இறங்கும். போர்க் காலத்தில் நெல்லைச் சர்க்கார் விலைக்கு அளந்துவிட்டு, வேட்டியையும் மண்ணெண்ணெயையும் கறுப்புச் சந்தை விலைக்கு வாங்கினார். அவருக்குக் கட்டுப்படியாகாத விலையை வைத்துவிட்டு, நெல்லைக் கொண்டுவா என்றால் வராது. வந்தாலும் அடுத்த போகத்துக்கு அவர் வேறு பயிர் வைப்பார். இன்றைக்கும் காவிரி டெல்டாவில் குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வரும்போது, கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போட்ட நெல் குவியலுக்குப் பக்கத்தில் ஆட்கள் ராத்தூக்கம் இல்லாமல் காவல் கிடக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதில்லை. சாக்கு இல்லை, லாரி இல்லை, மூட்டைக்கு இவ்வளவு வை என்கிற குரல் வேறு. உங்கள் கடையில் இறங்கும் லோடு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த வாசலில் நியாயம் இல்லாவிட்டால் உங்கள் தராசில் மட்டும் எப்படி வரும்?

போர் முடிந்ததும் கட்டுப்பாடு போய்விடவில்லை. 1946 தொடக்கத்தில் ஆளொருவருக்கு நாளைக்கு 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் தானியம் என்று ரேஷனைக் குறைத்தார்கள். கட்டுப்பாடு மக்களைப் பொய் சொல்ல வைக்கிறது, பதுக்க வைக்கிறது என்று காந்தி சொல்லிவந்தார். 1947 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தொடங்கியது. விலை பாய்ந்தது. 1948 செப்டம்பரில் மறுபடி கட்டுப்பாடு. 1952 ஜூனில் ராஜாஜி சென்னை மாநிலத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஊர்விட்டு ஊர் ஒரு படி அரிசி கொண்டுபோனால்கூட வழிமறித்த சோதனைகள் ஒழிந்தன என்று மக்கள் மூச்சுவிட்டார்கள். அந்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். போர்க்காலத்துக் கெடுபிடியைச் சமாதான காலத்துக்கு நீட்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கெடுபிடியை நீக்குவது வேறு, குடோனையும் கடையையும் கலைப்பது வேறு. அந்த வித்தியாசத்தை நாடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. 1960களின் நடுவில் மழை பொய்த்தது, அமெரிக்கக் கப்பலை நம்பிச் சோறு. 1965இல் பாகிஸ்தானுடன் போர் வந்தபோது அமெரிக்கா அந்தக் கோதுமையைச் சொட்டுச் சொட்டாக விட்டது. லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். இந்திய உணவுக் கழகம் அந்த 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. வங்காளத்தில் பலகை மட்டும் தொங்கிய இடத்தில், நெல் வாங்க ஒரு நிலையம், அரைக்க ஆலை, வைக்கக் கிடங்கு, கொடுக்க உங்கள் கடை என்று கடைசி வரை ஒரு சங்கிலி நமக்கு அமைந்தது இப்படித்தான்.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்தது. உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. இன்னொரு நாட்டின் போர் நம் மளிகைக் கடை விலைப் பட்டியலில் ஏறிய அந்த மாதங்களில், உங்கள் கடையில் அரிசியின் விலை மாறவில்லை. மாற முடியாது, அங்கே விலையே இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது இலவசம். மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்காரர்களுக்கும் மாநிலம் தன் செலவில் கொடுக்கிறது. இது பெரிய விஷயம். கல்கத்தாவின் பட்டியல் எங்கே நின்றதோ அதைத் தாண்டி நாம் வந்திருக்கிறோம்.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் பகுதிக் கடையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த விரல்கள். விற்பனையாளர் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னார், விழவில்லை. சேலையில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். நடுவிரல், கட்டைவிரல், மறு கை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். விற்பனையாளர் கோபப்படவில்லை. "நீங்க ஓரமா உக்காருங்கம்மா, வெறுங்கையா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி, அடுத்த நாலு பேருக்கு பில் போட்டுவிட்டு, ஓ.டி.பி. முயன்று, அதுவும் வராமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அரிசி போட்டார். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இதற்கு மேலிடத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கட்டுநரிடம் மெதுவாகச் சொன்னதும் காதில் விழுந்தது. கைரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆனாலும், "மிஷின்ல விழலை, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களையும் நான் அறிவேன். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு வருவதென்றால் அரை நாள் சம்பளம் போகும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஆள் இரண்டு கடை பார்க்கிறார். குடோனில் இருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைகிறது, கடையிலோ கிராம் சுத்தமாகப் போட வேண்டும், குறைந்தது உங்கள் சம்பளத்தில் கழிகிறது. நெட்வொர்க் போனால் திட்டு உங்களுக்கு. சரியான எடையில் பொருளைக் கடைக்குக் கொடு என்று உங்கள் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்பது நியாயமான கோரிக்கை. வரிசையில் நிற்கிற நாங்கள் அதில் உங்களோடு நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. கடையில் எடை குறைகிறது என்று உங்களிடம் சண்டை போடத் தெரிந்த எங்களுக்கு, குடோனில் எடை குறைகிறது என்று மனுப் போடத் தெரிய வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கங்களும் கிராம சபைகளும் இதைத் தீர்மானமாக எழுதினால் அதற்கு எடை உண்டு. எங்கள் பகுதியில் நான் இதைத் தொடங்கப்போகிறேன்.

பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரிந்தவை. இருப்புப் பலகையை அன்றன்றைக்கு எழுதுங்கள். அதிகம் வாங்காத அட்டையின் அரிசியை வெளியே போக விடாதீர்கள். கடத்தப்படும் ஒவ்வொரு மூட்டையும், கடையை மூடு என்பவர் கையில் நீங்களே கொடுக்கும் சாட்சி. ரேகை விழாதவரைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், விளக்கம் கேட்டால் அரசு உத்தரவைக் காட்டுங்கள்.

இன்னொன்று. கட்டடம் கட்டவும் பனியன் தைக்கவும் வந்திருக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் உங்கள் கடை இருக்கும் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். மேதினிப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவரும் அவர்களில் இருக்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. அப்படி வந்தவருடைய ஊர் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால் உங்கள் மிஷினிலேயே அவர் கணக்கு வரும், தானியம் கொடுக்கலாம். இது அவருக்கே பல நேரம் தெரியாது, மொழியும் தெரியாது. "உன் கார்டு இங்க செல்லாது" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டால், அப்புறம் எந்தக் கடைக்கும் அவர் வரமாட்டார். அடுத்த மாதம் அப்படி ஒருவர் வந்து நின்றால், அவருடைய ஆதார் எண்ணையோ அட்டை எண்ணையோ வாங்கிப் போட்டுப் பாருங்கள். வந்தால் எடை போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒருவர்